மிருக வேடத்துக்குள் மனிதர்கள்

அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் என்று ஒரு நகரம். எஃகு ஆலைகளுக்குப் பேர் போன ஊர். கோடையில் மூன்று நான்கு நாட்கள் அந்த ஊர்த் தெருவில் நரி, ஓநாய், புலி, டிராகன் எல்லாம் இரண்டு காலில் நடந்து போகும். கடைக்காரர்கள் கை அசைப்பார்கள். குழந்தைகள் ஓடி வந்து பக்கத்தில் நின்று படம் எடுத்துக் கொள்வார்கள்.

இது சர்க்கஸ் அல்ல. சினிமாப் படப்பிடிப்பும் அல்ல. 'ஃபர்ரி' ரசிகர்களின் ஆண்டு மாநாடு. 'ஃபர்' என்றால் மிருகத்தின் ரோமம். அதிலிருந்து வந்த பெயர்.

யார் இவர்கள்?

பஞ்சதந்திரக் கதையில் நரி பேசும், காகம் யோசனை சொல்லும். அதுபோல மனிதரைப் போலப் பேசி நடக்கும் மிருகங்கள் வரும் கதை, கார்ட்டூன், சித்திரம் இவற்றில் மோகம் கொண்டவர்களே ஃபர்ரிகள். 1980-ஐ ஒட்டிய ஆண்டுகளில், விஞ்ஞானக் கதை ரசிகர்களின் மாநாடுகளில் இவர்கள் தனிக் குழுவாக ஒன்று சேர்ந்தார்கள். 1989 ஜனவரியில் கலிபோர்னியாவில் முதல் தனி மாநாடு நடந்தது. வந்தவர்கள் சுமார் 65 பேர். இன்று பிட்ஸ்பர்க் மாநாட்டின் கதையே வேறு. 'ஆந்த்ரோகான்' என்னும் அந்த மாநாட்டுக்கு 2024-ல் வந்தவர்கள் 17 ஆயிரத்துக்கும் மேல்.

ஒவ்வொருவரும் தமக்கென்று ஒரு மிருகப் பாத்திரத்தைக் கற்பனை செய்து, பெயரும் குணமும் வைத்துக் கொள்கிறார்கள். கூச்சக்காரர் துணிச்சலான ஓநாய் ஆகலாம். தம்மை நிஜமாகவே மிருகம் என்று நினைப்பவர்கள் இவர்களில் மிகச் சிலரே. பெரும்பாலோருக்கு இது ஒரு பொழுதுபோக்கு. படம் வரைகிறார்கள், கதை எழுதுகிறார்கள், கூடிப் பேசுகிறார்கள். முழு வேடம் வைத்திருப்பவர்கள் சிறுபான்மையினரே.

வேடத்தின் விலை

காரணம், விலை. தலை ஸ்பாஞ்சில் செதுக்கப்படுகிறது. மேலே செயற்கை ரோமத் துணி தைக்கிறார்கள். கண் இருக்கும் இடத்தில் வலைத்துணி. அதன் வழியாகத்தான் பார்க்க வேண்டும். எல்லாம் கைவேலை. நல்ல வேடத்துக்குப் பல ஆயிரம் டாலர் ஆகும். நம் பணத்தில் லட்சக் கணக்கில் வரும். இதைத் தைத்துக் கொடுப்பதையே தொழிலாக வைத்திருப்பவர்களும் உண்டு. படம் வரைந்து விற்றுப் பிழைக்கும் ஓவியர்களும் உண்டு.

உள்ளே கொதிக்கும் வெப்பம். அதனால் மாநாட்டில் தனி அறை ஒதுக்குகிறார்கள். அங்கே தலையைக் கழற்றி வைத்துவிட்டு, மின்விசிறி முன் உட்கார்ந்து தண்ணீர் குடிப்பார்கள். படி இறங்கும்போது கால் தடுக்காமல் இருக்க, கையைப் பிடித்து அழைத்துச் செல்லத் துணைக்கு ஒருவர் வருவார். வேடம் அணிந்தவரைக் கேட்காமல் கட்டிப் பிடிக்கக் கூடாது என்பது இவர்களுடைய கட்டுப்பாடு.

கேலியும் வதந்தியும்

மனத்துவ நிபுணர்கள் சிலர் பல ஆண்டுகளாக இவர்களைப் பேட்டி கண்டு ஆராய்ந்திருக்கிறார்கள். பெரும்பாலோர் இளைஞர்கள். பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகளிடம் அடியும் ஏச்சும் பட்டவர்கள் இவர்களிடையே அதிகம். அப்படிப்பட்டவர்களுக்கு, தன்னைப் போல இன்னும் பலர் இருக்கிறார்கள் என்று காண்பதே பெரிய ஆறுதல்.

வயது வந்தவர்களுக்கான படங்களும் இந்தக் கூட்டத்தில் உலவுகின்றன என்பது உண்மை. ஆனால் அது ஒன்றையே பெரிதாக்கிக் காட்டியவர்கள் உண்டு. 2003-ல் ஒரு பிரபல டெலிவிஷன் துப்பறியும் தொடர், இவர்களை ஒழுக்கங்கெட்ட கும்பலாகவே சித்திரித்தது.

அதைவிட மோசமான வதந்தி பின்னால் வந்தது. ஃபர்ரி மாணவர்கள் மலம் கழிக்க, பூனைக்கு வைப்பதுபோல மண் பெட்டி வைக்கிறார்களாம் பள்ளிகளில்! 2022-ல் நெப்ராஸ்கா மாநிலச் சட்டசபை உறுப்பினர் ஒருவர் இதைச் சபையிலேயே பேசினார். விசாரித்தால் எல்லாம் பொய். அவர் மன்னிப்புக் கேட்டார். வதந்தியோ அடங்கவில்லை. மற்ற மாநிலங்களுக்கும் பரவியது.

ஒரு முறை விபரீதமும் நடந்தது. 2014 டிசம்பரில் சிகாகோ அருகே ஒரு மாநாடு. நள்ளிரவுக்குப் பின் ஓட்டலின் மாடிப்படிப் பகுதியில் குளோரின் வாயு பரவியது. ஆயிரக் கணக்கானோர், சிலர் வேடத்தோடேயே, குளிரில் வெளியே ஓடி வந்தார்கள். 19 பேர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகப்பட்டார்கள். யாரோ வேண்டுமென்றே செய்த வேலை என்று போலீசார் கருதினார்கள். ஆனாலும் மாநாடு அன்றே தொடர்ந்தது. அடுத்த ஆண்டுகளில் கூட்டம் பன்மடங்கு பெருகியது.

பழகிய ஊர்

பிட்ஸ்பர்க்கில் 2006 முதல் மாநாடு நடக்கிறது. முதலில் அந்த ஊரும் விழித்துத்தான் பார்த்தது. வந்தவர்கள் ஓட்டலில் தங்கினார்கள், கடையில் சாப்பிட்டார்கள், வம்பு தும்புக்குப் போகவில்லை. ஒவ்வோர் ஆண்டும் பிராணிகள் நலச் சங்கம் ஏதாவது ஒன்றுக்கு நன்கொடை திரட்டிக் கொடுத்தார்கள். இப்போது சாப்பாட்டுக் கடைகளே வரவேற்புப் பலகை வைக்கின்றன. தூரத்தில் இருந்து கேள்விப்பட்டவர்கள் தூற்றினார்கள். அருகில் இருந்து பார்த்தவர்கள் வரவேற்றார்கள்.

ஞாயிற்றுக்கிழமையோடு மாநாடு முடிகிறது. ஓநாயும் நரியும் மடித்துப் பெட்டிக்குள் போகின்றன. கம்ப்யூட்டர் வேலைக்காரர்களும் மாணவர்களும் கடைச் சிப்பந்திகளும் ஊர் திரும்புகிறார்கள். அடுத்த கோடைக்கு இன்னும் ஓர் ஆண்டு இருக்கிறது.