காகிதச் சாட்சிகள் - 17: கிழிக்கப் பயந்த கார்டுகள்

போன வாரம் மணியாச்சியில் நின்றோம். 1911 ஜூன் 17 அன்று கலெக்டர் ஆஷைச் சுட்டுவிட்டுத் தன்னையும் சுட்டுக்கொண்ட வாஞ்சிநாதனின் பையில் இருந்த கடிதம், போலீஸ் கையில் சிக்கியதால்தான் பிழைத்தது என்றேன். தவறவிட்டவர்கள் பழைய இதழைத் தேடிக்கொள்ளுங்கள்.

இந்த வாரம் 1968-இல் பாரிஸ் மாணவர்கள் ஒட்டிய சுவரொட்டிகளைப் பார்ப்பதாகப் பேச்சு. எழுதத்தான் உட்கார்ந்தேன். நடுவில் ஒரு தபால் கார்டு குறுக்கே வந்து விழுந்துவிட்டது.

பெர்லினில் வெட்டிங் என்று ஒரு பகுதி. தொழிலாளர் குடும்பங்கள் நெருக்கியடித்து வாழ்ந்த இடம். அங்கே ஆம்ஸ்டர்டாமர் தெருவில் ஓட்டோ ஹாம்பெல், எலிசே ஹாம்பெல் என்று ஒரு தம்பதி. அவர் ஆலைத் தொழிலாளி. அந்த அம்மாள் வீட்டுவேலை பார்த்தவர், படிப்பு ஆரம்பப் பள்ளியோடு சரி, நாஜிகளின் மகளிர் அமைப்பில் உறுப்பினரும்கூட. ஊரோடு ஒத்து வாழ்ந்த ஜனங்கள். 1940-இல் எலிசேயின் கூடப் பிறந்தவன் பிரான்ஸ் போர்முனையில் செத்தான். அந்த வருஷமே புருஷனும் பெண்டாட்டியும் மேசையில் உட்கார்ந்து கார்டு எழுத ஆரம்பித்தார்கள்.

ஹிட்லரின் போருக்கு ஆள் போகாதே, வசூலுக்கு வந்தால் காசு போடாதே, இந்த ஆட்சியைத் தூக்கியெறி. சேதி இவ்வளவுதான். இன்னாருக்கு என்று கிடையாது. முன்பின் தெரியாத கட்டடத்தின் மாடிப்படியில் ஒன்று, தபால் பெட்டியில் ஒன்று என்று வைத்துவிட்டு நழுவிவிடுவார்கள். இரண்டு வருஷத்தில் இருநூறுக்கும் மேற்பட்ட கார்டுகள்.

அந்தக் கார்டுகளின் படங்களை நாலு நாளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கையெழுத்து காட்டிக்கொடுக்கக் கூடாது என்று, அச்சு மாதிரி ஒவ்வொரு எழுத்தாக நிறுத்தி நிறுத்தி எழுதியிருக்கிறார்கள். பிழையான பிழை. பள்ளிக்கூடத்து வாத்தியார் கையில் கிடைத்தால் சிவப்பு மை தீர்ந்துபோகும். எனக்கோ அந்தப் பிழைகள் மேல்தான் ஆசை. எந்தக் கட்சியும் எழுதிக் கொடுக்கவில்லை, யாரும் திருத்தித் தரவில்லை என்பதற்கு அதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்? நானும் ஒரு கார்டை எடுத்து அப்படி எழுதிப் பார்த்தேன். ஐந்து வரிக்கு இருபது நிமிஷம். மூன்றாவது வரியிலேயே என் ‘ழ’ வாலை நீட்டிக் காட்டிக்கொடுத்துவிட்டது.

கார்டு என்றதும் எங்கள் தாத்தா வீட்டுத் தாழ்வாரம் ஞாபகம் வருகிறது. அங்கே வளைந்த கம்பி ஒன்று தொங்கும். வந்த கடிதத்தையெல்லாம் அதில் குத்திவிடுவார். நலம் நலமறிய ஆவலில் தொடங்கி உரக்கடைப் பாக்கி வரை எல்லாம் அதில் உண்டு. மூலையில் கறுப்பு மை தடவிய கார்டு வந்தால் மட்டும், வாசலிலேயே படித்து வாசலிலேயே கிழித்துப் போடுவார். சாவுச் சேதி நிலைப்படி தாண்டக் கூடாது. அதனால் எங்கள் வம்சத்தில் யார் யாருக்கு எப்போது காது குத்தினார்கள் என்று அந்தக் கம்பி சொல்லும். யார் எப்போது செத்தார்கள் என்று சொல்லாது. அந்தக் கம்பியை மட்டும் நம்பி வரலாறு எழுதினால் எங்கள் குடும்பத்தில் யாருமே சாகவில்லை.

பெர்லின்காரர்களுக்கு ஹாம்பெல் கார்டும் கறுப்பு மை தடவிய கார்டுதான். ஆனால் அதைக் கிழிக்கவும் பயம். கையில் எடுத்ததை எதிர்வீட்டுக்காரர் பார்த்திருந்தால்? போலீஸே சோதித்துப் பார்க்க வைத்ததாக இருந்தால்? கொண்டுபோய் ஒப்படைத்துவிடுவதுதான் உயிருக்கு உத்தரவாதம். அநேகமாக எல்லாக் கார்டுகளும் அப்படியே ரகசியப் போலீஸான கெஸ்டபோவிடம் போய்ச் சேர்ந்தன.

இதே கதை மியூனிக்கிலும் உண்டு. 1942 கோடையில் ‘வெள்ளை ரோஜா’ மாணவர்கள் முதல் துண்டறிக்கையில் சுமார் 100 பிரதிகளைத் தபாலில் அனுப்பினார்கள். அவற்றில் 35 போலீஸிடம் வந்துவிட்டன. படித்துவிட்டு அடுப்பில் போட்டவன், மனப்பாடம் செய்துகொண்டு கிழித்தவன், நம்பிக்கையான நண்பனிடம் கைமாற்றியவன் யாருக்கும் கோப்பில் இடம் கிடையாது. எழுத்து எங்கே வேலை செய்ததோ அங்கே காகிதம் மிஞ்சவில்லை. பயந்தவன் கொடுத்ததுதான் ஆவணக் காப்பகத்துக்கு மிச்சம். இந்தத் தொடர் முழுக்க நான் கிளறிக்கொண்டிருப்பது பெரும்பாலும் தோற்ற காகிதங்களைத்தானோ என்று இந்த வாரம்தான் உறைத்தது.

1942 இலையுதிர் காலத்தில் இருவரும் பிடிபட்டார்கள். ஹிட்லரை எதிர்க்க முடிந்ததில் சந்தோஷம் என்று ஓட்டோ விசாரணையில் சொன்னார். 1943 ஜனவரியில் மரண தண்டனை. உயிர்ப்பிச்சை கேட்டு எழுதிய மனுக்களில் ஒருவர்மேல் ஒருவர் பழிபோட்டிருக்கிறார்கள். அதுவும் பத்திரமாக இருக்கிறது. எதை மூடி வைப்பது கண்ணியம் என்று போலீஸ் கோப்புக்குத் தெரியாது. ஏப்ரல் 8 அன்று பிளோட்சன்ஸே சிறையில் இருவர் தலையையும் வெட்டினார்கள்.

போர் முடிந்த 1945-இல் அந்தக் கோப்பை நாவலாசிரியர் ஹான்ஸ் ஃபலாடாவிடம் கொண்டுவந்து கொடுத்தவர் கவிஞர் யோஹன்னஸ் பெக்கர். ஃபலாடா தயங்கினார். மறுவருஷம் உட்கார்ந்து நாலே வாரத்துக்குள் பெரிய நாவலாக எழுதி முடித்தார். அதில் போர்முனையில் சாவது அவர்களுடைய மகன். புத்தகம் வெளிவருவதற்குள், 1947 பிப்ரவரியில், ஃபலாடாவும் போய்விட்டார். வேட்டையாடியவன் சேர்த்து வைத்த காகிதத்திலிருந்து வேட்டையாடப்பட்டவர்களின் கதை பிறந்தது.

ஆசிரியர் இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார். மூன்றாவது முறை மணி அடிப்பதற்குள் முடிக்கிறேன். பாரிஸ் அடுத்த வாரம், நிச்சயம். எங்கள் சுவரொட்டியின் இடம் போராட்டக் களம்தான், அலங்காரமாக மாட்டாதே என்று அறிவித்த பிள்ளைகள் அவர்கள். கிழிந்து போகவே ஒட்டிய அந்தக் காகிதங்கள் இன்று அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தது பயம் இல்லை. வேறொன்று.

(தொடரும்)