வைப்பாறு சென்று சேரும் கடல்

மலையடிவாரத்தில் வாழும் நமக்குக் கடல் தொலைவானது. ஆயினும் இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்து ஓடைகளும் சிற்றாறுகளும் வைப்பாற்றின் வடிநிலத்தைச் சேர்ந்தவை. மழைக்காலத்தில் பெருகும் நீர் தூத்துக்குடி மாவட்டத்தின் வழியாக மன்னார் வளைகுடாவை அடைகிறது. அக்கடலில் ஓங்கில்களும், ஆவுளியா எனப்படும் கடற்பசுக்களும் வாழ்கின்றன. அவை மீன்கள் அல்ல. நம்மைப் போல் நுரையீரலால் சுவாசித்து, குட்டி ஈன்று பாலூட்டுபவை. மனிதரைத் தாக்கும் கொரோனா வைரஸ் அவற்றையும் தாக்குமா?

கோவிட் வைரஸ் உயிரணுவுக்குள் நுழைவதற்கு ஏசிஇ2 என்னும் புரதம் வாயிலாக அமைகிறது. வாயில் ஒத்திருந்தால் நுழைவது எளிது. 2020ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு, முதுகெலும்புள்ள 410 உயிரினங்களின் ஏசிஇ2 புரதத்தை மனிதருடையதோடு ஒப்பிட்டது. திமிங்கிலங்களும் ஓங்கில்களும் பெரும்பாலும் அதிக வாய்ப்புள்ள வரிசையில் இடம்பெற்றன. பூனை இனம் நடுத்தர வரிசையிலும், நாய் குறைந்த வரிசையிலும் அமைந்தன. இது கணினிவழிக் கணிப்பே. நோய் வந்துவிட்டது என்பதற்குச் சான்றன்று.

நோயாளியின் மலத்திலும் இவ்வைரஸின் மரபுப்பொருள் வெளிப்படுகிறது. அதனால்தான் பல நகரங்களில் கழிவுநீரைச் சோதித்து நோய்ப்பரவல் கண்காணிக்கப்பட்டது. ஆனால் மரபுப்பொருள் தென்படுவதும் உயிர்ப்புள்ள வைரஸ் இருப்பதும் ஒன்றல்ல. கடலில் கலக்கும் நீரில் அதன் செறிவும் பெரிதும் குறைந்துவிடும். எனவே அச்சம் வேண்டா. எனினும் சுத்திகரிக்கப்படாத கழிவுநீர் வேறு பல கிருமிகளையும் சுமந்து செல்வதால், அக்கறை வேண்டும்.

மனிதரைத் தாக்கிய நோய் விலங்குகளையும் தாக்கக்கூடும் என்பதைத் தமிழகம் நேரில் கண்டது. 2021 மே மாதம் ஐதராபாத் விலங்கியல் பூங்காவில் 8 சிங்கங்களுக்குத் தொற்று உறுதியானது. அடுத்து, சென்னையை அடுத்த வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவிலும் சிங்கங்கள் நோயுற்றன. ஜூன் 3 அன்று நீலா என்னும் 9 வயதுப் பெண் சிங்கம் இறந்தது; ஜூன் 16 அன்று 12 வயது ஆண் சிங்கமும் இறந்தது. போபாலிலுள்ள தேசிய ஆய்வகம் அங்கிருந்து அனுப்பப்பட்ட மாதிரிகளை ஆராய்ந்து, அக்காலத்தில் மனிதரிடையே பரவிய டெல்டா வகை வைரஸே அது எனக் கண்டறிந்தது.

இதில் நோயாளிகளும் உடனிருந்து கவனிப்போரும் அறிய வேண்டியது என்ன? நாய்க்குப் பெயர்பெற்றது இராஜபாளையம். பல இல்லங்களில் நாய் குடும்பத்தில் ஒருவரைப் போன்றது. வீட்டில் ஒருவருக்குத் தொற்று ஏற்பட்டால் அச்சத்தால் அதைத் தெருவில் விட்டுவிட வேண்டா. நாயிடமிருந்து மனிதருக்கு இந்நோய் பரவும் வாய்ப்பு மிகக் குறைவு. நாம்தான் அதனிடமிருந்து சில நாள் விலகியிருக்க வேண்டும்.

நோய் நீங்கும்வரை உணவளிப்பதையும் உலாவ அழைத்துச் செல்வதையும் நலமுடன் உள்ள ஒருவர் ஏற்கலாம். நோயாளியே கவனிக்க நேர்ந்தால், முகக்கவசம் அணிந்து, தொடுவதற்கு முன்னும் பின்னும் சோப்பினால் கைகழுவ வேண்டும். கொஞ்சுவதையும் ஒரே படுக்கையில் உறங்குவதையும் தவிர்க்க வேண்டும். விலங்குக்கு முகக்கவசம் அணிவிக்கவோ, அதன் மேல் கிருமிநாசினி தெளிக்கவோ கூடாது. பூனைகளுக்குத் தொற்றும் வாய்ப்பு நாய்களைவிட அதிகம். கூடுதல் கவனம் தேவை. அவற்றுக்கு இருமலோ சோர்வோ கண்டால் கால்நடை மருத்துவரை அணுகுங்கள்.

பயன்படுத்திய முகக்கவசங்களையும் மருத்துவக் கழிவுகளையும் ஓடையில் எறியாமல், தனி உறையிலிட்டு மூடித் தூய்மைப் பணியாளரிடம் ஒப்படையுங்கள். கழிவுநீர்த் தொட்டியின் கசடு நீர்நிலையில் கொட்டப்படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நோயுற்ற காலத்தில் நாம் காக்கும் தூய்மை, வாசலில் காத்திருக்கும் நாய்க்கும் நாம் காணாத கடலில் வாழும் ஆவுளியாவுக்கும் பயன்தரும்.