ஜூன் விடுமுறையில் வீட்டுத் தமிழ்: கை வேலை செய்யட்டும், வாய் வினைச்சொல் பேசட்டும்

ஆசிரியர்களே, தேர்வெழுதப் போகும் மாணவர்களே,

மே மாத இறுதியில் பள்ளி மூடினால் ஏறத்தாழ நான்கு வாரங்களுக்கு வீட்டில்தான் இருப்போம். இந்த நான்கு வாரங்களை வாய்மொழித் தேர்வுக்கு எப்படிப் பயன்படுத்துவது என்பதுதான் இக்கட்டுரை. பயப்பட வேண்டாம், பயிற்சித்தாள் எதுவும் இல்லை. வீட்டில் தம்பியோ தங்கையோ, அக்கா பிள்ளையோ, பக்கத்து வீட்டுக் குட்டிப் பையனோ இருந்தால் போதும்.

முதலில் ஒரு சிறு திருத்தம். நம் மாணவர்கள் பலர் கட்டுரையில் "கோடை விடுமுறையில் வெயில் சுட்டெரித்தது" என்று தொடங்குகிறார்கள். அது தமிழ்நாட்டுக்குப் பொருந்தும். அங்கே ஏப்ரல், மே மாதங்கள் கடுங்கோடை. மே மாதத்தில் அக்னி நட்சத்திரம் வரும். சிங்கப்பூரோ நிலநடுக்கோட்டுக்கு ஒரு பாகை வடக்கே இருக்கிறது. ஆண்டு முழுவதும் பகல் வெயில் 31, 32 பாகை அளவில்தான். நமக்குக் கோடையும் இல்லை, குளிர்காலமும் இல்லை. ஆகவே "ஜூன் விடுமுறை" அல்லது "பள்ளி விடுமுறை" என்றே எழுதுங்கள். விடியற்காலையில் திடீரென்று காற்றோடு பெய்யும் மழையையும், புளோக்கின் கீழ்த்தளத்தில் விளையாடும் பிள்ளைகளையும் எழுதுங்கள். தன் ஊரை எழுதுகிறவரின் எழுத்தில் உயிர் இருக்கும்.

ஏன் இது முக்கியம்?

தொடக்கப்பள்ளி இறுதியாண்டுத் தேர்வில் தமிழ்மொழிக்கு மொத்தம் 200 மதிப்பெண். அதில் வாய்மொழிக்கு 50. அதாவது நான்கில் ஒரு பங்கு. வாசிப்பு ஒரு பகுதி. ஒளிக்காட்சியைப் பார்த்து உரையாடுவது மற்றொரு பகுதி. அந்த ஒளிக்காட்சியில் என்ன வரும்? பெரும்பாலும் நம் அன்றாட வாழ்க்கைதான்: குடும்பம், பூங்கா, சந்தை, விளையாட்டு.

சென்ற ஆண்டு என் வகுப்பு மாணவி ஒருத்தி. கட்டுரை நன்றாக எழுதுவாள். பழமொழிகள் சரளமாக வரும். பயிற்சித் தேர்வில், ஒரு குடும்பம் கடற்கரையில் மணல்வீடு கட்டும் காட்சியைக் காட்டினேன். "அந்தப் பையன் என்னம்மா செய்யறான்?" என்று கேட்டேன். "சார், அவன்... மணல்... பண்றான்" என்றாள். அதற்கு மேல் வரவில்லை. கண்ணில் நீர் வந்துவிட்டது. "எனக்கு என்ன நடக்குதுன்னு தெரியும் சார், சொல்லத்தான் வரல" என்றாள்.

அவள் மட்டும் அப்படியில்லை. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, சிங்கப்பூர்வாசிகளில் வீட்டில் பெரும்பாலும் ஆங்கிலம் பேசுவோர் 48.3 விழுக்காடு; 2010இல் அது 32.3 விழுக்காடாக இருந்தது. தமிழை வீட்டில் பெரும்பாலும் பேசுவோர் 2.5 விழுக்காட்டினர்தான். வீட்டில் புழங்காத மொழியை வகுப்பறை மட்டும் தாங்க முடியாது.

முதலில் காணாமல் போவது வினைச்சொல்

ஒன்றைக் கவனித்துப் பாருங்கள். நம் பிள்ளைகளுக்குப் பெயர்ச்சொற்கள் தெரியும். மணல், வாளி, கரண்டி, குடை எல்லாம் பாடநூலில் படத்தோடு இருக்கின்றன. வினைச்சொல்லைப் படத்தில் பிடிப்பது கடினம். "தோண்டு", "வாரு", "குவி", "தட்டு", "சரிந்து விழு" ஆகியவற்றைக் கையால் செய்யும்போது, பக்கத்தில் ஒருவர் சொல்லிக்கொண்டே இருந்தால்தான் அவை மனத்தில் நிற்கும்.

அந்தச் சொல் காதில் விழாதபோது பிள்ளை என்ன செய்கிறது? ஆங்கில வினையை எடுத்து அதோடு "பண்ணு" சேர்த்துவிடுகிறது. "டிராப் பண்ணிட்டேன்", "மிக்ஸ் பண்ணு", "டிக் பண்றான்". வாக்கியம் தமிழ் போலவே ஒலிக்கும். ஆனால் வினை முழுவதும் ஆங்கிலம். "பண்ணு" வெறும் கைப்பிடி. ஆங்கிலச் சொல்லை எடுத்துவிட்டால் மிஞ்சுவது என் மாணவி சொன்ன "மணல் பண்றான்"தான்.

ஆகவே இந்த விடுமுறையின் இலக்கு ஒன்றே: வினைச்சொற்களை மீட்பது. அதற்கு மூன்று இடங்கள்.

1. சமையலறை

தோசை சுடும் நாளில் தம்பியைப் பக்கத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள் (அடுப்புக்கு எட்டாத தூரத்தில்). மாவு கலக்குவதும் கிண்ணத்தில் ஊற்றுவதும் நான்கு வயதுப் பிள்ளையால் முடியும்.

"தம்பி, கையைக் கழுவிட்டு வா."
"மாவை நல்லாக் கலக்கு. அடியில உப்பு தங்கிடும்."
"கொஞ்சம் கொஞ்சமா ஊத்து, சிந்தாம."
"பாட்டி எப்படித் தேய்க்கிறாங்கன்னு பாரு. நடுவுல ஊத்தி, சுத்திச் சுத்தித் தேய்க்கிறாங்க."
"ஓரம் முறுகிருச்சு. இப்போ திருப்பணும்."

கழுவு, கலக்கு, தங்கு, ஊற்று, சிந்து, தேய், முறுகு, திருப்பு: ஒரு தோசையில் எட்டு வினைகள். பாட்டி வீட்டில் இருந்தால் அவரையே பேச விடுங்கள். நமக்குத் தெரியாத பத்துச் சொற்களாவது அவரிடம் இருக்கும்.

2. பல்லாங்குழியும் சொங்காக்கும்

வீட்டில் பல்லாங்குழி இருக்கிறதா? இல்லாவிட்டால் மலாய் நண்பர் வீட்டில் சொங்காக் இருக்கலாம். இரண்டும் உறவுக்கார விளையாட்டுகள். பல்லாங்குழியில் இரு வரிசையாக 14 குழிகள். சொங்காக்கில் பொதுவாக அதே 14 குழிகளோடு, இரு முனைகளிலும் ஆளுக்கொரு பெரிய குழி, அதாவது "வீடு" இருக்கும். ஒவ்வொரு சிறு குழியிலும் 7 என்று 98 கோலிகளையோ சோழிகளையோ போட்டுத் தொடங்குவார்கள். கடைசிக் கோலி உங்கள் வீட்டில் விழுந்தால் மீண்டும் உங்கள் முறை.

பல்லாங்குழியில் வீடு கிடையாது. காய்களைப் போட்டு முடித்ததும் அடுத்த குழியில் உள்ளதை எடுத்துத் தொடர்ந்து ஆடவேண்டும். அடுத்த குழி காலியாக இருந்தால் அதைத் தடவிவிட்டு, அதற்கு அடுத்த குழியில் உள்ளதை அள்ளிக்கொள்ளலாம். ஒரு குழியில் நான்கு காய் சேர்ந்தால் அதைப் "பசு" என்று எடுத்துக்கொள்ளும் வழக்கமும் பல வீடுகளில் உண்டு.

"இப்போ யாரு முறை? உன் முறையா?"
"ஒவ்வொண்ணாப் போடு, ஒரு குழியையும் தாண்டக்கூடாது."
"காலிக் குழி! தடவிட்டு அள்ளிக்கோ."

பாலர் பள்ளிப் பிள்ளைக்கு எண்ணும் பயிற்சி. உங்களுக்கோ விளக்கிச் சொல்லும் பயிற்சி. ஒரு விளையாட்டின் விதியைச் சின்னப் பிள்ளைக்குப் புரியவைக்கத் தெரிந்தவர், தேர்வாளரிடம் எதையும் விளக்கிவிடுவார்.

3. கடற்கரையும் விளையாட்டு மைதானமும்

ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரைப் பூங்காவுக்கு ஒரு வாளி, ஒரு பழைய கரண்டி எடுத்துப் போங்கள். மணலைத் தோண்டுவது, வாளியில் வாரிப் போடுவது, ஈர மணலை அழுத்துவது, வாளியைக் கவிழ்ப்பது, தட்டி எடுப்பது, அலை வந்து கரைப்பது, சுவர் சரிவது, மறுபடியும் கட்டுவது. ஒவ்வொன்றையும் செய்யும்போதே சொல்லுங்கள். வெளியே போக முடியாத மழை நாளா? சன்னலுக்கு வெளியே பார்த்துச் சொல்லுங்கள்: தூறுது, கொட்டுது, சாரல் அடிக்குது, விட்டிருச்சு.

பிள்ளை ஆங்கிலத்தில் சொன்னால்?

"தப்பு! தமிழ்ல சொல்லு!" என்று அதட்டாதீர்கள். அதட்டினால் தமிழ் என்றாலே திட்டு என்று பிள்ளை நினைத்துக்கொள்ளும். அது சொன்னதையே தமிழாக்கி, உரையாடலைத் தொடருங்கள்.

தங்கை: "அக்கா, வாட்டர் ஸ்பில் ஆயிருச்சு!"
அக்கா: "அச்சச்சோ, தண்ணி கொட்டிருச்சா? சரி, துணி எடுத்துட்டு வா, தொடைப்போம்."

இங்கே திருத்தமும் நடந்தது, தங்கையின் முகமும் வாடவில்லை. நாலு தடவை கேட்டால் ஐந்தாம் தடவை "கொட்டிருச்சு" தானாக வரும். ஆசிரியர்களே, வகுப்பிலும் இதே முறை பலன் தரும்.

பேச்சிலிருந்து எழுத்துக்கு

"இப்படிப் பேசினால் தேர்வில் மதிப்பெண் போய்விடாதா?" என்று பெற்றோர் கேட்பதுண்டு. 2005இல் வெளிவந்த தமிழ்மொழிப் பாடத்திட்ட மறுஆய்வுக் குழுவின் அறிக்கைக்குப் பிறகு, பேச்சுத் தமிழுக்கு நம் வகுப்பறையில் உரிய இடம் உண்டு. உரையாடலில் படித்தவர்கள் பொதுவாகப் பேசும் தமிழைப் பேசலாம். வாசிப்பிலும் கட்டுரையிலும் எழுத்துத் தமிழ் வேண்டும். இரண்டுக்கும் இடையே போய்வர மூன்று விதிகளை நினைவில் வையுங்கள்.

முதல் விதி: சொல்லின் முதலில் வரும் குறில் இ, உ ஆகியவற்றை அடுத்து ஒற்றை மெய்யோடு அ அல்லது ஐ வந்தால், பேச்சில் எ, ஒ ஆகும். இலை–எலை, விலை–வெலை, குடை–கொடை, உடம்பு–ஒடம்பு. இரட்டை மெய் வந்தால் மாறாது: முட்டை, கிண்ணம்.

இரண்டாம் விதி: இறந்தகால வினையில் இ, ஐ, ய் ஆகியவற்றை அடுத்து வரும் த்த, ந்த பேச்சில் ச்ச, ஞ்ச ஆகும். குவித்தோம்–குவிச்சோம், அரைத்தாள்–அரைச்சா, சரிந்தது–சரிஞ்சுது. மற்ற இடங்களில் மாறாது: எடுத்தேன், நடந்தேன்.

மூன்றாம் விதி: "-விட்டது" பேச்சில் சுருங்கும். கொட்டிவிட்டது–கொட்டிருச்சு, முடிந்துவிட்டது–முடிஞ்சிருச்சு.

மாணவர்களே, வீட்டில் பேசிய ஐந்து வாக்கியங்களை இரவில் எழுத்துத் தமிழில் மாற்றி எழுதுங்கள். வாய்மொழிக்கும் கட்டுரைக்கும் சேர்த்து ஒரே பயிற்சி.

ஒரு மாதிரி விடை

காட்சி: பூங்காவில் அண்ணன் தம்பிக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறான்.

மெலிந்த விடை: "அண்ணன் தம்பிக்கு ஹெல்ப் பண்றான். அது நல்ல பழக்கம்."

வலுவான விடை: "அண்ணன் சைக்கிளைப் பின்னாடி பிடிச்சிக்கிட்டே ஓடறான். தம்பி முதல்ல தடுமாறி விழுந்துட்டான். அண்ணன் அவனைத் தூக்கிவிட்டு, முழங்கால்ல ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டான். நானும் போன ஜூன் விடுமுறையில என் தங்கச்சிக்கு இப்படித்தான் கத்துக்கொடுத்தேன். அவ விழுந்தா நான்தான் அவளைவிட அதிகமா பயந்தேன்."

வேறுபாடு எங்கே? பிடி, தடுமாறு, தூக்கிவிடு, தட்டிவிடு. வினை வந்ததும் காட்சி கண்முன் வந்தது. சொந்த அனுபவமும் இயல்பாகச் சேர்ந்துகொண்டது.

ஆசிரியர்களுக்கு ஒரு யோசனை

விடுமுறை வேலையாக "ஒரு நாள், ஒரு வினை" கொடுத்துப் பாருங்கள். மாணவர் நாளுக்கு ஒரு புதிய வினைச்சொல்லை வீட்டில் செய்து, வீட்டுச் சிறுபிள்ளையோடோ பெரியவரோடோ பேசி, ஒரு நிமிடம் கைத்தொலைபேசியில் பதிவுசெய்யட்டும். பிழை எண்ண வேண்டாம். பள்ளி திறந்ததும் இருபது சொற்கள் உள்ள பட்டியலை வகுப்பில் ஒட்டுங்கள். வீட்டில் தமிழ் பேச ஆளில்லாத மாணவருக்கு ஒரு வகுப்புத் தோழரைத் துணையாகச் சேர்த்துவிடுங்கள். அவரை விட்டுவிடக்கூடாது.

என் மாணவி என்ன ஆனாள் என்று கேட்பீர்கள். அந்த விடுமுறையில் அவள் தன் மூன்று வயதுத் தம்பியோடு தினமும் அரை மணி நேரம் தமிழில் விளையாடினாள். ஜூலையில் அதே கடற்கரைக் காட்சியை மறுபடியும் காட்டினேன். "அந்தப் பையன் ஈர மணலை வாளியில அமுக்கி, கவுத்து, மெதுவாத் தட்டி எடுக்கிறான் சார். அவசரப்பட்டா ஒடஞ்சிரும். என் தம்பி அவசரப்பட்டு ஒடைச்சிட்டு அழுதான்" என்று சொல்லிச் சிரித்தாள்.

இந்த விடுமுறையில் நீங்களும் ஒரு வாளியை எடுங்கள்.