ஒரு மணி, ஒரு பந்தி!

பையன் எந்தப் பள்ளியிலே படிக்கிறான் என்று கேட்பார்கள். எத்தனை மதிப்பெண் வாங்கினான் என்று கேட்பார்கள். எங்கே உண்கிறான், யார் பக்கத்திலே அமர்ந்து உண்கிறான் என்று கேட்பவர் அரிதினும் அரிது. ஆனால், தோழர்களே, தமிழ்நாட்டு வரலாற்றைப் புரட்டிப் போட்ட கேள்வி அந்த அரிய கேள்விதான்! ஏட்டுக்காக எழுந்த சண்டையல்ல அது. இலைக்காக எழுந்த சண்டை. பாடத்தைப் பற்றிய வழக்கல்ல. பந்தியைப் பற்றிய வழக்கு!

அந்தக் கேள்வியைக் கையிலே எடுத்துக்கொண்டு, மயிலைக்கும் அடையாறுக்கும் சற்றே போய் வருவோம், வாருங்கள்.

சாந்தோம் சாலையிலே, 1896-லே எழுப்பப்பட்ட வெண்ணிறத் தேவாலயத்தின் கோபுரத்தைக் காணாத சென்னைவாசி இல்லை. அதே சாந்தோமிலே 1907-லே தோன்றியது புனித பீட் பள்ளி. ஆற்றைக் கடந்து தெற்கே போனால் அடையாறு. அங்கே 1875-லே தொடங்கிய புனித பேட்ரிக் பள்ளி. கத்தோலிக்கத் துறவியர் நடத்தும் பள்ளி என்றதும் நம் மக்களுக்கு இரண்டு சொற்கள் நினைவுக்கு வரும். ஒன்று, 'இங்கிலீஷ்'. மற்றொன்று, 'போர்டிங்'. இங்கிலீஷைப் பற்றிப் பேசப் பலர் இருக்கிறார்கள். போர்டிங்கைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

போர்டிங் வாழ்வு என்றால் என்ன? மணியின் ஆட்சி! விடியுமுன் ஒரு மணி; எழு என்கிறது. குளிக்க ஒரு மணி, கோயிலுக்கு ஒரு மணி, கஞ்சிக்கு ஒரு மணி, வகுப்புக்கு ஒரு மணி, விளையாட்டுக்கு ஒரு மணி, வாய் பேசாமல் படிக்க ஒரு மணி, விளக்கணைக்க ஒரு மணி. வீட்டிலே அம்மா ஏழு முறை எழுப்பியும் எழாத பிள்ளை, இங்கே முதல் மணியிலே எழுந்து பாயைச் சுருட்டுகிறான். வரிசையாகக் கட்டில்கள், கட்டிலுக்கடியிலே ஒரு தகரப் பெட்டி, பெட்டிக்குள்ளே இரண்டு சட்டை, ஒரு போர்வை, ஊரிலிருந்து கொண்டுவந்த முறுக்கு. முறுக்கு மூன்றாம் நாளே தீர்ந்துவிடும்; வீட்டு நினைவு மூன்று மாதமானாலும் தீராது. ஞாயிற்றுக்கிழமை கடிதம் எழுதும் நேரம். "நான் நலம், நலமறிய ஆவல்" என்று எழுதும் கை, "எப்போது அழைத்துப் போவாய்?" என்று எழுதத் துடிக்கும். எழுதமாட்டான், வார்டன் படிப்பாரே!

இது கண்டிப்பு. இதைப் புகழ்ந்து பேசுவாரும் உண்டு, பழித்துப் பேசுவாரும் உண்டு. நான் அதற்குள்ளே நுழையப் போவதில்லை. மணி அடித்தால் பிள்ளைகள் வரிசையிலே நிற்பது பெரிதல்ல. அந்த வரிசை எங்கே போய் முடிகிறது என்பதே பெரிது. சாப்பாட்டு அறையிலே போய் முடிகிறது. அங்கே, முதலியார் வீட்டுப் பிள்ளைக்கும் மீனவர் குப்பத்துப் பிள்ளைக்கும், சேரியிலே பிறந்தவனுக்கும் மாடியிலே பிறந்தவனுக்கும் ஒரே பலகை, ஒரே அண்டாவிலிருந்து ஒரே கரண்டிச் சோறு என்றால், அந்த அறை ஆயிரம் மேடைப் பேச்சுக்குச் சமம்! அங்கே பலகை இரண்டானால், கோபுரம் எத்தனை உயர்ந்திருந்தாலும் என்ன பயன்?

இப்படிச் சொன்னவுடன், "சோற்றுக்குப் போய் இத்தனை பேச்சா?" என்பார் உளர். அவர்களுக்கு 1916-ஐ நினைவூட்ட வேண்டும். சென்னைக்குப் படிக்க வந்த பார்ப்பனரல்லாத மாணவர்கள் தங்க இடமின்றி, உண்ண விடுதியின்றித் தவித்த காலம் அது. கல்லூரிக் கதவு திறந்திருந்தது. சாப்பாட்டு விடுதிக் கதவு சாத்தியிருந்தது! அப்போது திருவல்லிக்கேணியிலே டாக்டர் சி. நடேசனார் 'திராவிடர் இல்லம்' என்ற மாணவர் விடுதியைத் தொடங்கினார். பின்னாளிலே இந்தியாவின் முதல் நிதியமைச்சரான ஆர். கே. சண்முகம் செட்டியார் அந்த இல்லத்து மாணவர். ஒரு பேரியக்கத்தின் தொட்டிலே ஒரு விடுதிதான், தோழர்களே, விடுதிதான்!

அடுத்த பத்தாண்டுக்குள்ளே சேரன்மாதேவி. வ. வே. சு. ஐயர் நடத்திய குருகுலம். நாட்டு விடுதலைக்கு வீரரை உருவாக்கப் போகிறோம் என்றார்கள். காங்கிரசு பணம் கொடுத்தது. பொதுமக்கள் பணம் கொடுத்தார்கள். அந்த உண்டு உறைவிடப் பள்ளியிலே பார்ப்பனச் சிறுவர் இருவருக்குத் தனிப் பந்தி! செய்தி வெளிவந்தது. 1924-25-லே தமிழ்நாடு கொதித்தது. பெரியார் கேட்டார், டாக்டர் வரதராசலு நாயுடு கேட்டார்: பொதுப்பணத்திலே பொங்கிய சோற்றுக்குத் தனிப் பந்தி ஏன்? அந்தக் கேள்விக்கு நேரான விடை கிடைக்கவில்லை. 1925-லேயே பெரியார் காங்கிரசை விட்டு வெளியேறினார். இரண்டு இலைகளைத் தனியே போட்டதன் விலை எவ்வளவு என்று காங்கிரசு பின்னால் கணக்குப் பார்த்திருக்கும்!

ஆகவேதான் சொல்கிறேன்: விடுதியின் பெருமை அதன் சுவரிலே இல்லை, பந்தியிலே இருக்கிறது.

இனி, கத்தோலிக்க இல்லங்களின் கதைக்கு வருவோம். அடையாறுப் பள்ளியை நடத்தியவர்கள் அயர்லாந்திலே பிறந்த துறவியர் சபையார். பேட்ரிக் சகோதரர் சபை. 1808-லே டல்லோ என்ற சிற்றூரிலே ஆயர் டேனியல் டிலேனி தொடங்கிய சபை. அந்தக் காலத்து அயர்லாந்து எப்படி இருந்தது? 1695-லே இங்கிலாந்தின் ஆதிக்கத்திலே அங்கே ஒரு சட்டம்: கத்தோலிக்கன் பள்ளி நடத்தக் கூடாது! வயல் வேலியோரத்திலே, மறைவிலே உட்கார்ந்து பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். 1782-லேதான் அந்தத் தடை தளர்ந்தது. சூத்திரன் காதிலே வேதம் விழக் கூடாது என்று இங்கே மனு. கத்தோலிக்கன் கையிலே பிரம்பும் பலகையும் கூடாது என்று அங்கே சட்டம். கடல் இரண்டு, கொடுமை ஒன்று! கல்வி மறுக்கப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் கடல் கடந்து வந்து இங்கே கல்விச் சாலை திறந்தார்கள்.

மற்றொரு கதை இத்தாலியிலே. டூரின் நகரம், 1847-ஆம் ஆண்டு, மே மாதம். அடைமழை. நனைந்து நடுங்கியபடி ஓர் அனாதைச் சிறுவன், கொத்து வேலை தேடி வந்தவன், பாதிரியார் டான் போஸ்கோவின் கதவைத் தட்டினான். அதற்கு முன் இடம் கொடுத்த பிள்ளைகள் போர்வையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டிருந்தார்கள். ஆனாலும் பாதிரியாரின் தாய் மார்கரெட், வந்தவனுக்குச் சூடாகக் கஞ்சி கொடுத்தாள்; சமையலறையிலேயே வைக்கோல் பரப்பிப் படுக்கை போட்டாள்; தூங்குமுன் நாலு நல்ல வார்த்தை சொன்னாள். உலகெங்கும் பரவிய சலேசியர் விடுதிகளின் முதல் மாணவன், அந்தச் சமையலறைப் பையன். இரவுதோறும் படுக்கப் போகுமுன் பிள்ளைகளுக்கு நல்லுரை சொல்லும் வழக்கம் அந்தத் தாயின் வாய்ச்சொல்லிலே பிறந்தது. அந்தச் சலேசியர்கள் இந்தியாவிலே முதன்முதல் வீடு அமைத்த இடம் நம் தஞ்சை; 1906-லே. அழைத்தவர் மயிலை ஆயர்! 1952-லே சென்னையும் மயிலையும் ஒரே மறைமாவட்டமாக இணைந்தபோது முதல் பேராயரான லூயி மத்தியாசும் சலேசியரே.

பாராட்டத்தக்க கதைகள். ஆனால் பாராட்டோடு நிறுத்திக்கொண்டால் அது அரைக் கதை. சாதி என்னும் நச்சுக்காற்று தேவாலய வாசலிலே நின்றுவிட்டதா? இல்லையே! மதுரைக்கு 1606-லே வந்த நொபிலி பாதிரியார், காவி உடுத்து, பார்ப்பனச் சமையற்காரரை அமர்த்திக்கொண்டு, உயர்சாதியாரைக் கவரத் தனி வழி வகுத்தார். வடக்கன்குளத்திலே ஒரே கோயிலை இரண்டு கால்சட்டைபோலப் பிரித்துக் கட்டி, சாதிக்கொரு பக்கம் உட்கார வைத்தார்கள். ஏசு பெருமானின் கடைசி விருந்தைப் படமாக மாட்டிய சுவருக்குக் கீழேயே, உடன் உண்ண மறுக்கும் நெஞ்சங்கள்! பின்னாளிலே அந்தப் பிரிவினையை இடித்தவர்களும் பாதிரிமார்களே என்பதை மறைக்கவில்லை. நோயும் அங்கே இருந்தது, மருந்தும் அங்கே இருந்தது.

"சோற்றைக் காட்டி மதம் மாற்றினார்கள்" என்று ஏசுவோர் உண்டு. அவர்களைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி: பிள்ளைக்குப் பசித்தபோது உங்கள் வீட்டுச் சமையலறைச் சாவி யாரிடம் இருந்தது? பூட்டி வைத்தவன், கொடுத்தவனைக் குற்றம் சாட்டுவதா? அதே மூச்சிலே போர்டிங் நடத்துவோர்க்கும் ஒரு சொல்: சோற்றுக்கு விலை செபமாகிவிடக் கூடாது. அரசு உதவி பெறும் பள்ளியிலே, தன் இசைவின்றி, சிறுவனாயின் காப்பாளர் இசைவின்றி, எவரையும் வழிபாட்டிலே கலந்துகொள்ளக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று அரசியல் சட்டத்தின் 28-ஆம் பிரிவு சொல்கிறது. பூசை மணி அடிக்கும்போது, விரும்புவோன் கோயிலுக்குப் போகட்டும்; விரும்பாதவன் புத்தகத்தைத் திறக்கட்டும். சோற்று மணி மட்டும் இருவருக்கும் ஒன்றாகவே ஒலிக்கட்டும்!

ஆங்கிலோ இந்தியப் பள்ளிகள் ஒரு காலத்திலே வெள்ளையர்க்கும் ஆங்கிலோ இந்தியர்க்கும் உரிய கோட்டைகள். கட்டணத்துக்கேற்ப முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என்று தட்டையே தரம் பிரித்த போர்டிங்குகளும் அந்நாளிலே இருந்தன. விடுதலைக்குப் பின் அரசியல் சட்டத்தின் 337-ஆம் பிரிவு ஓர் ஏற்பாடு செய்தது: பத்தாண்டுக் காலத்துக்குச் சிறப்பு மானியம் உண்டு, ஆனால் ஆண்டுச் சேர்க்கையிலே 40 விழுக்காட்டுக்குக் குறையாத இடங்களைப் பிற வகுப்பார்க்கும் திறந்துவைக்க வேண்டும். கதவு திறந்தது. நம் பிள்ளைகள் நுழைந்தார்கள். வழக்கறிஞர் ஆனார்கள், மருத்துவர் ஆனார்கள், ஆட்ட வீரர் ஆனார்கள். மகிழ்ச்சி!

ஆனால், எந்த நம் பிள்ளை நுழைந்தான்? இதுதான் இன்று கேட்க வேண்டிய கேள்வி. சாதிச் சுவர் சாய்ந்த இடத்திலே காசுச் சுவர் எழும்பினால், செங்கல் மாறியதே தவிரச் சுவர் மாறவில்லை! மழையிலே நனைந்து வந்த கொத்து வேலைப் பையனுக்காகத் தொடங்கிய கட்டில், காரிலே வந்து இறங்கும் செல்வர் வீட்டுப் பிள்ளைக்கு மட்டுமே என்று ஆனால், மார்கரெட் அம்மையின் கஞ்சிக்கு என்ன மரியாதை? தனியார் பள்ளிகளிலே 25 விழுக்காடு இடம் ஏழைப் பிள்ளைகளுக்கு என்று 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் சொன்னது. சிறுபான்மையோர் பள்ளிகளை அது கட்டுப்படுத்தாது என்று 2014-லே உச்சநீதிமன்றம் சொன்னது. நல்லது, சிறுபான்மையோர் உரிமையை மதிப்பவர்கள் நாம். ஆனால் சட்டம் கட்டாத இடத்திலே மனச்சாட்சி கட்ட வேண்டாமா?

அரசாங்கம் தன் பங்கைச் செய்யாமலில்லை. 1920-லே தியாகராயர் தலைமையிலே சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியிலே பரிமாறிய பகல் உணவு, 1956-லே காமராசர் காலத்திலே நாடெங்கும் பரவி, 1982-லே சத்துணவாகி, 2022-லே காலை உணவாகவும் வளர்ந்தது. அந்தக் காலை உணவு 2024-லே ஊர்ப்புறத்து அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கு விரிந்தபோது, தொடக்க விழா நடந்தது கீழச்சேரி புனித அன்னாள் பள்ளியிலே. 2025-லே நகர்ப்புறத்து உதவி பெறும் பள்ளிகளுக்கு விரிந்தபோது, விழா நடந்தது நம் மயிலைப் புனித சூசையப்பர் பள்ளியிலே! அரசின் அடுப்பும் கத்தோலிக்கர் கூடமும் ஒன்றாகி, ஒரே வரிசையிலே பிள்ளைகள். இந்தக் காட்சி காலையோடு முடியலாமா? அதே 2025-லே அரசு நல விடுதிகளுக்குச் 'சமூகநீதி விடுதி' என்று பெயர் வந்தது. பெயர்ப் பலகை மாறினால் போதாது. குழம்பும் மாற வேண்டும், கூரையும் மாற வேண்டும் என்று ஆட்சியாளர்க்கும் சொல்லி வைப்போம்.

கத்தோலிக்கப் பெரியோர்க்கு நாம் வைக்கும் வேண்டுகோள் மூன்றே மூன்று. போர்டிங் நடத்துகிற ஒவ்வொரு பள்ளியும், கட்டணமில்லாக் கட்டில் எத்தனை என்பதை ஆண்டுதோறும் ஊரறியச் சொல்லட்டும். அந்தக் கட்டில்களிலே சேரிப் பிள்ளைக்கும் குப்பத்துப் பிள்ளைக்கும் முதலிடம் இருக்கட்டும். இலவசமாக வந்தவன் எவன், பணம் கட்டி வந்தவன் எவன் என்று பரிமாறுபவருக்கே தெரியாதபடி ஒரே பந்தி நடக்கட்டும்.

பெற்றோர்களே! நாளை பிள்ளையைப் போர்டிங்கிலே சேர்க்கப் போகும்போது அலுவலக அறையிலே மட்டும் உட்கார்ந்துவிட்டுத் திரும்பாதீர்கள். சாப்பாட்டு மணி அடிக்கும்வரை காத்திருங்கள். எழுந்து போய்ப் பாருங்கள். அங்கே பலகை ஒன்றா, இரண்டா என்று எண்ணிப் பாருங்கள். ஒன்றென்றால், தயங்காமல் விட்டுவிட்டு வாருங்கள். அவன் படித்தவனாக மட்டுமல்ல, மனிதனாகவும் திரும்புவான். இரண்டென்றால், ஏன் என்று கேளுங்கள். சேரன்மாதேவியிலே அன்று கேட்டது அதைத்தான்; இன்று கேட்க வேண்டியதும் அதுவேதான்!