குளியலறைக்கு எந்த டைல்ஸ்?

எங்க வீட்டுக் குளியலறையை மாத்திக் கட்டுறோம். அதில் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

பளபள டைல்ஸ் சுவருக்கு நல்லது, துடைப்பது சுலபம். தரைக்கு ஆகாது. சோப்புத் தண்ணி பட்டால் உராய்வு குறைந்து கால் வழுக்கும். தரைக்குச் சொரசொரப்பான டைல்ஸ்தான் போடணும். 2 அடி டைல்ஸை விட 1 அடி டைல்ஸில் இணைப்புக் கோடுகள் அதிகம். அதனால் காலுக்குப் பிடிப்பு கிடைக்கும். கடையில் டைல்ஸ் மேல் தண்ணி ஊத்தி, வெறுங்காலால் தேய்ச்சுப் பார்த்து வாங்கணும்.

தண்ணி தேங்காமல் ஓட, 5 அடி நீளத்துக்கு 1 அங்குலம் சரிவு வேண்டும்.

கதவு வெளிப்பக்கம் திறக்கணும். போன வருஷம் எங்க ஆயா உள்ளே வழுக்கி விழுந்தாங்க. உள்பக்கம் திறக்கிற கதவை அவங்க உடம்பே அடைச்சிடுச்சு. கதவைக் கழற்றித்தான் தூக்கினோம். இடுப்பு எலும்பு முறிஞ்சிருந்தது.

சுவரில் கைப்பிடிக் கம்பியும் வேண்டும். துண்டு போடும் கம்பி ஆள் பாரத்தைத் தாங்காது.

உங்க வீட்டிலும் வயசானவங்க இருக்காங்களா? டைல்ஸ் கலரைப் பார்ப்பதற்கு முன்னாடி, இதை வீட்டில் சொல்லுங்க.

– 9ஆம் வகுப்பு மாணவி