பாராமகால்: தரையில் நிற்கும் தீவுகள்

தீவு என்றதும் கடலே நம் நினைவுக்கு வரும். கடற்கரைக்கு வெகு தொலைவிலுள்ள தர்மபுரிப் பிரதேசத்தில் அரண் சூழ்ந்த தீவுக் கூட்டம் ஒன்று உண்டு என்று கூறினால் நேயர்கள் வியப்படையக்கூடும். ஆயினும் சேலத்திலிருந்து தொப்பூர்க் கணவாய் வழியே ஏறி வடக்கு நோக்கிச் செல்லும் எவரும் அத்தீவுகளைக் கண்ணாரக் காணலாம். சமதரையின் நடுவே, அக்கம்பக்கத்தில் தொடர் மலை எதுவும் இன்றி, ஒற்றைப் பாறைகள் திடீரென்று எழுந்து நிற்கின்றன. அவற்றுள் பலவற்றின் தலைமேல் மதில் இருக்கிறது.

இதை வெறும் உவமை என்று எண்ண வேண்டாம். ஜெர்மானியப் புவியியலாரான வில்ஹெல்ம் போர்ன்ஹார்ட் என்பவர் ஆப்பிரிக்காவின் கீழைப் பகுதியில் இத்தகைய குன்றுகளைக் கண்டு, 1900-ஆம் ஆண்டில் அவற்றிற்கு ‘இன்செல்பெர்க்’ என்று பெயரிட்டார். தீவு மலை என்பதே அதன் பொருள். சுற்றியுள்ள மெலிந்த பாறை கோடிக்கணக்கான ஆண்டுகளில் வெயிலாலும் மழையாலும் உதிர்ந்து அடித்துச் செல்லப்பட, வலிய பாறை மட்டும் கரையாமல் நின்றுவிடுகிறது. தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளின் அடிப்பாறை ஏறத்தாழ 250 கோடி ஆண்டுப் பழமையுடையது. இந்தப் பாறைகளை முதலில் செதுக்கியவன் எந்த அரசனும் அல்லன், காலமே செதுக்கியது. அரசர்கள் மதிலை மட்டுமே சேர்த்தார்கள்.

இப்பிரதேசத்தின் கிடக்கையைச் சிறிது மனத்தில் வாங்கிக்கொண்டால், அம்மதில்கள் எழுந்த காரணம் தானே விளங்கும். மேற்கிலும் வடக்கிலும் ஓசூர் மேட்டு நிலம் ஏறத்தாழ 3,000 அடி உயரத்தில் இருக்கிறது. அதற்குப் பழைய பெயர் பாலகாட். தெற்கே தொப்பூர்க் கணவாய்க்குக் கீழே சேலம் நாடு தாழ்ந்து கிடக்கிறது. இவ்விரண்டுக்கும் இடைப்படியாக, 1,500 அடியளவில் விரிந்திருப்பதே பாராமகால். மைசூரிலிருந்து இறங்குபவன் இராயக்கோட்டை வழியாகவும், ஆர்க்காட்டுப் பக்கத்திலிருந்து வருபவன் செங்கம் கணவாய் வழியாகவும், தெற்கிலிருந்து ஏறுபவன் தொப்பூர் வழியாகவும் இங்கேதான் வந்து சேர வேண்டும். தென்பெண்ணை இதன் நடுவே ஓடுகிறது. காவிரி ஒகேனக்கல்லில் இதன் மேற்கு விளிம்பைத் தொட்டுச் செல்கிறது. மூன்று திசை வழிகளும் கூடும் முற்றத்தில் இயற்கையே தூண்களை நட்டுவைத்திருக்கும்போது, அவற்றின்மேல் காவல் வையாத அரசு எது?

‘பாரா’ என்றால் இந்துஸ்தானியில் பன்னிரண்டு. ‘மகால்’ என்பதை மாளிகை என்றும், வரி வசூலுக்கான நாட்டுப் பிரிவு என்றும் இருவிதமாகப் பொருள் கொள்வர். கிருஷ்ணகிரி, ஜகதேவி, மகாராஜகடை, தட்டக்கல் என்று பெயர்கள் அடுக்கப்படினும், பன்னிரண்டும் எவை எவை என்பதில் பட்டியல்கள் ஒத்துப்போவதில்லை. திருப்பத்தூரும் வாணியம்பாடியும்கூடச் சிலவற்றில் இடம்பெறுகின்றன. இந்நாடு நெடுங்காலம் சேலம் ஜில்லாவுக்கு உட்பட்டிருந்தது. 1965-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் தேதி தர்மபுரி தனி ஜில்லாவாயிற்று. 2004-இல் அதிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது. ஆகவே இன்று இக்கோட்டைகள் பல ஜில்லாக்களில் சிதறிக் கிடக்கின்றன. சரித்திரமோ ஒன்றுதான்.

தீவுக் கோட்டையின் உயிர்நிலை எது? மதில் என்பர் சிலர். பீரங்கி என்பர் சிலர். நாம் குடிநீர் என்போம். யாழ்ப்பாணத்தை அடுத்து, ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையே கடலுக்குள் ஒரு சிறு கோட்டை நிற்கிறது. 1658-ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் அதை முற்றுகையிட்டபோது, உள்ளேயிருந்த போர்ச்சுகீசியர் குடிநீர் இன்றியே பணிந்தனர். நாற்புறமும் நீர், நாவுக்கு ஒரு துளி இல்லை! கடல் தீவுக்கு நேர்ந்த இக்கதியைத் தரைத் தீவைக் கட்டியவர்கள் நன்கு எண்ணிப் பார்த்திருந்தனர். எனவேதான் பாராமகாலின் பாறைகளில் ஏறுபவன் மதிலைக் காண்பதோடு சுனையையும் காண்கிறான்.

சுனையின் சூத்திரம் எளியது. மண் நீரைக் குடிக்கும். வெறும் பாறை குடிக்காது. ஓர் ஏக்கர் பாறையின்மேல் ஓர் அங்குல மழை பெய்தால் ஏறத்தாழ ஒரு லக்ஷம் லிட்டர் நீர் வழிந்தோடும். அது ஓடும் வழியிலுள்ள பள்ளத்தைக் கல்லாலும் சுண்ணாம்பாலும் தடுத்துவிட்டால், அதுவே குளம். இப்பகுதியில் ஆண்டுக்கு 33 அங்குலத்துக்குச் சற்றேறக்குறைய மழை பெய்கிறது. இருநூறு வீரர்களுக்கு ஆளொன்றுக்கு நாளைக்குப் பத்து லிட்டர் வீதம் கணக்கிட்டால், ஓராண்டுக்கு 7,30,000 லிட்டர் போதும். அதாவது, ஓர் ஏக்கர் பாறையில் விழும் மழையில் நான்கில் ஒரு பங்கைச் சேமித்தாலே கோட்டை தாகத்தால் வீழாது. பெரிய கலாசாலை எதிலும் பயிலாத கல் தச்சர் அறிந்திருந்த கணக்கு இது.

ஆயினும் நீர் மட்டும் இருந்தால் போதுமா? தானியம் எங்கிருந்து வரும்? ஆள் எங்கிருந்து வருவான்? பாறையில் நெல் விளையாது. கீழே உழுகிற குடியானவன் கொடுத்தால்தான் மேலே காவல் நிற்கிற வீரன் உண்பான். இந்த உண்மையைப் பாராமகாலின் சரித்திரம் திரும்பத் திரும்ப நமக்குப் போதிக்கிறது.

தர்மபுரிக்குப் பழம்பெயர் தகடூர். அங்கே அதியமான் நெடுமான் அஞ்சி ஆண்டதும், அவன் ஔவைக்கு நெல்லிக்கனி ஈந்ததும் நேயர் அறிந்ததே. 1981-ஆம் ஆண்டில் திருக்கோவிலூரை அடுத்த ஜம்பையில் கிடைத்த தமிழ் பிராமிக் கல்வெட்டு, அவனைச் ‘சதியபுதோ’ என்ற குலப்பெயரோடு குறிக்கிறது. அசோகச் சக்கரவர்த்தி தம் பாறைச் சாசனத்தில் சேர, சோழ, பாண்டியரோடு சேர்த்துச் சொன்ன சதியபுத்திரர் யார் என்ற நெடுநாள் வினாவுக்கு அந்த ஒரு கல் விடை கூறிற்று. ஒரு கல்லைக் காப்பாற்றினால் எவ்வளவு லாபம் என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை. அத்தகைய தகடூரும் சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறையின் முற்றுகையில் வீழ்ந்தது. அப்போரைப் பாடிய தகடூர் யாத்திரை என்னும் நூலும் முழுமையாக நமக்குக் கிடைக்கவில்லை; சில செய்யுட்களே எஞ்சின.

விஜயநகரம் 1565-இல் தலைக்கோட்டை யுத்தத்தில் சரிந்த பின்னர், அதன் எஞ்சிய அரசர்களுக்குத் துணைநின்ற ஜகதேவராயர் என்ற தலைவரின் ஆட்சிக்குள் பாராமகால் வந்தது. ஜகதேவி என்ற ஊர் இன்றும் அப்பெயரைத் தாங்கி நிற்கிறது. பின்னர் மைசூரார், கடப்பை நவாபுகள் என்று பல கை மாறி, இறுதியில் ஹைதர் அலியிடம் சேர்ந்தது. கும்பினியாரின் கண் இதன்மேல் விழுந்ததும் அப்போதுதான். மைசூரைத் தாக்க விரும்புவோனுக்கு இது படிக்கட்டு. மைசூரிலிருந்து சென்னையைத் தாக்க விரும்புவோனுக்கும் இதுவே படிக்கட்டு.

1767-ஆம் ஆண்டில் கும்பினிப் படை கிருஷ்ணகிரிக் குன்றைத் தாக்கிப் பலன் காணாது திரும்பிற்று. மறு ஆண்டில் வழிகளை அடைத்து நெடுநாள் காத்திருந்து, மே மாதத்தில் அதைப் பணியவைத்தது. தர்மபுரி, தென்கரைக்கோட்டை முதலியனவும் அவ்வாண்டில் கும்பினியார் வசமாயின. ஒவ்வொரு கோட்டையிலும் சிறு சிறு காவற்படையை இருத்திவிட்டு, நாடு தங்களுடையதாயிற்று என்று அவர்கள் நம்பினர். நடந்தது என்ன? 1768-ஆம் ஆண்டின் முடிவில் ஹைதர் கணவாய்களின் வழியே இறங்கினார். மாதக்கணக்கில் உழைத்துப் பிடித்த கோட்டைகள் சில வாரங்களில் கும்பினியார் கைவிட்டுப் போயின. ஒன்றுக்கொன்று உதவ முடியாதபடி தீவுகளாய்ப் பிரிந்து நின்ற காவற்படைகளை அவர் ஒவ்வொன்றாக விழுங்கினார். 1769 ஏப்ரலில் சென்னையின் வாயிலிலேயே கும்பினியார் சமாதானம் கேட்க வேண்டியதாயிற்று.

இருபத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின் திப்பு சுல்தானுடன் நடந்த யுத்தத்தில் இதே பாறைகள் மீண்டும் பேசின. 1791 ஜூலையில் இராயக்கோட்டை கும்பினியாரிடம் வீழ்ந்தது. அக்டோபர் முடிவில் கர்னல் மாக்ஸ்வெல் பென்னாகரத்தைப் பிடித்தார். நவம்பர் 7-ஆம் தேதி இரவு அவர் கிருஷ்ணகிரியின்மேல் பாய்ந்தார். அடிவாரப் பேட்டை அவர் கைக்கு வந்தது. ஓடிய காவலரைத் துரத்திக்கொண்டு மேற்கோட்டை வாயில் வரை அவருடைய வீரர்கள் ஏறிவிட்டனர். கதவு அடைபட்டது, மேலிருந்து பாறைகள் உருண்டன, ஏணிகள் நொறுங்கின. இறுதியில் பேட்டைக்குத் தீயிட்டுவிட்டு அவர் திரும்பினார். அந்த யுத்தம் முழுவதிலும் கிருஷ்ணகிரியை எவரும் ஆயுதத்தால் வெல்லவில்லை.

ஆயினும் கிருஷ்ணகிரி கும்பினிக்குப் போயிற்று! 1792 மார்ச்சில், காவிரியின் நடுவே மெய்யாகவே தீவுக் கோட்டையாக விளங்கிய ஸ்ரீரங்கப்பட்டணத்தில் கையெழுத்தான உடன்படிக்கை, திப்புவின் ராஜ்யத்தில் பாதியைப் பிடுங்கிற்று. அவருடைய புதல்வர் இருவரைப் பிணையாகவும் கொண்டது. பாறையின்மேல் வீழாத கோட்டை காகிதத்தின்மேல் வீழ்ந்தது. குன்றைக் காத்த வீரனின் வீரத்தில் குறையில்லை. அக்குன்றைத் தாங்கிய நாடு கைமாறியபோது, உச்சியில் நின்றவன் என்ன செய்வான்?

அதன் பின்னர் நடந்ததை நமது தேசபக்தர்கள் ஊன்றிப் படிக்க வேண்டும். வென்றவர்கள் புதுக் கோட்டை கட்டிக்கொண்டிருக்கவில்லை. காப்டன் அலெக்ஸாண்டர் ரீட் என்பவரைப் பாராமகாலுக்குத் தலைவராக்கினர். தாமஸ் மன்றோ உள்ளிட்ட உதவியாளர்களை அவருக்குத் துணையாகக் கொடுத்தனர். 1792 முதல் 1799 வரை அவர்கள் வயல்களை அளந்தனர். மண்ணின் தரம் பிரித்தனர். உழுபவன் ஒவ்வொருவன் பெயரையும் கணக்கில் ஏற்றி அவனிடமிருந்து நேரே வரி வாங்கும் முறையை வகுத்தனர். இரயத்துவாரி என்று பெயர் பெற்று, மன்றோ கவர்னரான 1820-க்குப் பின் சென்னை ராஜதானியின் பெரும்பகுதியில் பரவிய முறைக்கு இந்தத் தர்மபுரி மண்ணே தொட்டில். இடைத்தரகனை விலக்கிற்று என்று அதைப் புகழ்வோர் உண்டு. அப்புகழில் உண்மையும் உண்டு. ஆனால் வரியின் பளுவோ கடுமையானது. பிற்காலத்தில் தாம் ஆண்ட வேறு ஜில்லாக்களில் வரியை நான்கில் ஒரு பங்கு குறைக்க வேண்டும் என்று 1807-இல் மன்றோவே எழுத நேர்ந்தது என்றால், குடியானவன் நிலையை நேயர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

ஹைதர் கோட்டைகளை வென்றார். கும்பினியோ கோட்டைகளுக்குச் சோறிட்டவனையே தன் கணக்கில் கட்டிக்கொண்டது. அன்றோடு பாராமகாலின் மதில்களுக்கு வேலை இல்லாமற் போயிற்று. பீரங்கி தகர்க்காத அரணைப் பேரேடு ஒன்று பயனற்றதாக்கிவிட்டது.

இன்று அவற்றின் நிலை என்ன? இராயக்கோட்டை போன்ற சில, தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளன. மற்றவற்றில் முட்புதர் ஏறி மதில் பிளக்கிறது. புதையல் தேடுவோர் தரையைத் தோண்டுகின்றனர். சுனைகள் தூர்ந்து கிடக்கின்றன. இதனினும் பெரிய அபாயம் வேறு. இவ்விரு ஜில்லாக்களின் கருங்கல் உலகச் சந்தையில் பெரு விலை போகும் சரக்கு. காலம் 250 கோடி ஆண்டுகளில் செதுக்கிய குன்றை வெடிமருந்தும் அறுக்கும் கம்பியும் ஒரு தலைமுறைக்குள் பலகைகளாக அறுத்துவிடும். கல் வெட்டிப் பிழைப்பவரின் பிழைப்பை நாம் மறுக்கவில்லை. எந்தக் குன்றை வெட்டலாம், எதைத் தொடலாகாது என்ற வரையறை முன்னதாகவே வேண்டும் என்கிறோம். வெட்டிய பின் வரும் வருத்தம் குன்றை மீட்டுத் தராது.

நீரின் பாடத்தையும் நாம் மறந்தோம். பாறை உச்சியில் இருநூறு பேர் தாகமின்றி வாழ வழி கண்ட நாட்டில், சமவெளியின் ஜனங்கள் ஆழத்து ஊற்றுநீரிலுள்ள புளூரைடு என்னும் உப்பினால் பல் கறைபட்டு எலும்பு வளைந்தனர். ஜப்பான் தேசத்துக் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்து, 2013-இல் காவிரி நீர் ஊர்களை எட்டத் தொடங்கிற்று. நல்ல காரியமே. ஆயினும் தொலைவிலிருந்து வரும் நீரையே நம்பியிருப்பவனும் ஒருவகையில் தீவில் இருப்பவனே. வானம் தரும் 33 அங்குலத்தை ஏரியிலும் குளத்திலும் தேக்கிக்கொள்பவனுக்கே அரண் முழுமையாகும்.

எனவே நாம் வேண்டுவன மூன்று. பழைய பாராமகாலுக்கு உட்பட்ட ஜில்லாக்கள் அனைத்தும் ஒருசேரக் கூடி, கோட்டை இருக்கும் ஒவ்வொரு குன்றையும் அளந்து, எல்லைக்கல் நட்டு, அதற்குள் கல் வெட்டத் தடை விதிக்க வேண்டும். அந்தந்த ஊர்ப் பஞ்சாயத்துகள் சுனைகளைத் தூர்வாரி ஆண்டுதோறும் பராமரிக்க வேண்டும். பள்ளிப் பிள்ளைகளை அக்குன்றுகளின்மேல் ஏற்றி, வென்றவன் பெயரோடு நில்லாமல், நீரைத் தேக்கியவன், தானியம் கொடுத்தவன் கதையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இவற்றுள் எதற்கும் கோடிக்கணக்கான திரவியம் தேவையில்லை. மனம் இருந்தால் போதும்.

சர்க்கார் தானே முன்வந்து செய்யும் என்று கைகட்டிக் காத்திருப்பது அரசியல் ஊழியர்க்கு அழகன்று. அடுத்த மழைக்கு முன் ஒரு கோட்டையின் ஒரு சுனையையேனும் தூர்வாரிக் காட்டட்டும். ஊர் தானே பின்தொடரும். தனித்தனியே நின்ற அரண்கள் தனித்தனியே வீழ்ந்தன. கீழிருந்த ஜனங்களோடு கூடி நின்றபோது மட்டுமே அவை நிலைத்தன.