பற்சிகிச்சைப் பில்லில் ஒரு சின்ன வரி



சென்ற கோடையில் ஞாயிற்றுக்கிழமைத் துடுப்பாட்டம் ஒன்றில் பந்து எகிறி என் மைத்துனரின் முன்பல்லைப் பதம் பார்த்தது. பல் வைத்தியர் பல்லைச் சரிசெய்து, விபத்து இழப்பீட்டுக் கூட்டுத்தாபனத்துக்கு, அதாவது நாம் எல்லோரும் ஏசிசி என்று சொல்லும் அமைப்புக்கு, கோரிக்கையையும் அனுப்பிவிட்டார். மைத்துனர் தன் பங்கைக் கட்டிவிட்டு வீடு திரும்பினார். ஆறு வாரம் கழித்து 25 டொலர் பாக்கி என்று ஒரு நினைவூட்டல் கடிதம்! பில்லைத் தேடிப் பார்த்தால், கடைசி வரியில் "கோரிக்கை கையாளல் கட்டணம்" என்று இருந்தது.

இது என்ன கட்டணம்? கோரிக்கைப் படிவம் நிரப்புவது, அனுப்புவது, பணம் வந்ததா என்று பார்ப்பது ஆகிய அலுவலக வேலைக்குச் சில பல் வைத்தியசாலைகள் அறவிடுவது. எல்லோரும் அறவிடுவதில்லை.

சிக்கல் கணினியில்தான் தொடங்குகிறது. பற்சிகிச்சை மென்பொருளில் ஒவ்வொரு சிகிச்சைக்கும் ஒரு குறியீடும் ஒரு விலையும் இருக்கும். பில் போடும்போது அந்த விலை இரண்டாகப் பிரியும்: காப்புறுதி தருவது ஒன்று, நோயாளி தருவது மற்றது. விளங்குவதற்காக ஒரு கணக்கு. சிகிச்சை 500 டொலர், அதில் ஏசிசி 350 தருகிறது என்றால் உங்கள் பங்கு 150. கையாளல் கட்டணம் சிகிச்சை அல்ல. ஆகவே அது முழுவதும் உங்கள் பக்கம் சேர்ந்து, அன்றே 175 என்று சொல்லப்பட வேண்டும். வரவேற்பு மேசையில் இருப்பவர் தவறுதலாக அதைக் காப்புறுதிப் பக்கம் போட்டுவிட்டால், உங்களுக்கு 150 என்றே காட்டும். காப்புறுதி அந்த 25ஐத் தராது. தராத தொகை பின்னர் உங்கள் கணக்குக்கு மாற்றப்படும், நினைவூட்டல் கடிதமும் அச்சாகி வரும். யாரும் ஏமாற்றவில்லை, ஆனாலும் காசு உங்களுடையது.

ஏசிசி பற்றி இன்னொன்று. 1974இல் தொடங்கிய இத்திட்டம், விபத்தில் உடைந்த பல்லுக்கு விதிகளில் குறித்த அளவுக்குத்தான் தரும். மிகுதியை வைத்தியர் உங்களிடம் கேட்கலாம். ஊரிலிருந்து வந்து நிற்கும் அம்மா, அப்பா இங்கே விழுந்து பல் உடைந்தாலும் ஏசிசி உண்டு. பலருக்கு இது தெரியாது. ஆனால் பல்லை அதன் இயல்பான வேலைக்குப் பயன்படுத்தும்போது ஏற்படும் சேதத்தை 2001ஆம் ஆண்டுச் சட்டம் சேர்க்கவில்லை. தீபாவளி முறுக்கைக் கடித்துப் பல் போனால் செலவு உங்களுடையதே!

சதர்ன் குரொஸ், நிப் போன்ற தனியார் காப்புறுதிகளில் கதை வேறு. பற்சிகிச்சை எல்லாத் திட்டங்களிலும் இல்லை. இருந்தாலும் பெரும்பாலும் ஒரு வீதம்தான் திரும்பக் கிடைக்கும், அதற்கும் ஆண்டு உச்சவரம்பு உண்டு. இங்கே முழுப் பணத்தையும் கட்டி, சிகிச்சை வாரியாக விவரம் எழுதிய பற்றுச்சீட்டைப் பெற்று, நீங்களே இணையத்தில் கோரிக்கை அனுப்பலாம். பத்து நிமிட வேலை. அதற்காக இன்னொருவருக்கு ஏன் கட்டணம் கொடுக்க வேண்டும் என்பது என் எண்ணம். (18 வயது நிறையாத பிள்ளைகளுக்கு அடிப்படைப் பற்சிகிச்சை இலவசம். அதற்குக் காப்புறுதியைத் தொடவே தேவையில்லை.)

கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். நம்மவர்கள் வைத்தியரிடம் காசு பற்றிப் பேசுவதை மரியாதைக் குறைவாக நினைக்கிறார்கள். 1996இல் வந்த நோயாளர் உரிமைக் கோவையின் ஆறாவது உரிமை, சிகிச்சை வழிகளை விளக்கும்போது செலவையும் விளக்க வேண்டும் என்கிறது. ஐந்தாவது உரிமையின்படி, தேவையும் வசதியும் இருக்கும் இடத்தில் தகுந்த மொழிபெயர்ப்பாளரும் உண்டு. ஆங்கிலம் சரளமாக வராத பெரியவர்களுக்கு இதைச் சொல்லி வையுங்கள். கதிரையில் சாய்வதற்கு முன்பே, "காப்புறுதிக் கோரிக்கைக்குத் தனிக் கட்டணம் உண்டா? அது என் பங்கில் சேர்ந்திருக்கிறதா?" என்று கேளுங்கள். மதிப்பீட்டை எழுத்தில் வாங்குங்கள்.

மைத்துனர் தொலைபேசியில் அழைத்து, கட்டணத்தை முன்கூட்டியே சொல்லவில்லையே என்று பணிவாகக் கேட்டார். அந்த வரியை நீக்கி, திருத்திய பில்லை மின்னஞ்சலில் அனுப்பினார்கள். பல்தான் இன்னும் ஐஸ்கிரீமுக்குக் கூசுகிறதாம்.